கெட்டிஸ்பர்க்: எழுதி வைத்தவர்களின் போர்

மக்களாட்சிக்கு ஆபிரகாம் லிங்கன் கொடுத்த விளக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதை அவர் எங்கே நின்றுகொண்டு சொன்னார் என்று எந்த வினாத்தாளும் கேட்டதாக நினைவில்லை. ஒரு கல்லறைத் தோட்டத்தின் திறப்பு விழாவில் சொன்னார். இடம், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊர். தேதி, 1863 நவம்பர் 19. அதற்கு நாலரை மாதம் முன்பு, ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள், சுமார் 2,400 பேர் வாழ்ந்த அந்த ஊரைச் சுற்றி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதிக்கொண்டார்கள். செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் பக்கம். அமெரிக்க மண்ணில் அதற்கு முன்போ பின்போ நடந்த எந்தச் சண்டையிலும் இத்தனை சேதம் இல்லை.

இந்த மூன்று நாட்களைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரப் புத்தகங்களை அடுக்கினால் ஒரு தனி நூலகமே வைக்கலாம். ஆனாலும் இன்றைக்கு அமெரிக்காவில் சாதாரண வாசகர் மனதில் இருக்கும் கெட்டிஸ்பர்க், பெருமளவுக்கு ஒரே ஒரு நாவலிலிருந்து வந்தது. மைக்கேல் ஷாரா எழுதிய "தி கில்லர் ஏஞ்சல்ஸ்". 1974இல் வெளிவந்தது. நான் இதை இரண்டு நாளில் படித்து முடித்தேன். அதன்பிறகு அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தேட ஆரம்பித்து வாரக்கணக்கில் ஓடிவிட்டது. அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போரைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பதினொன்று, அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று நாட்டிலிருந்து பிரிந்து தனி நாடு அறிவித்தன. 1861இல் சண்டை தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து, 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் என்ற இடத்தில் பெரிய வெற்றி பெற்ற தெற்கின் தளபதி ராபர்ட் லீ, அந்தச் சூட்டோடு வடக்கு மண்ணுக்குள் படையெடுத்து வந்தார். வடக்குப் படைக்கு ஜார்ஜ் மீட் என்பவர் தளபதி. சண்டைக்கு மூன்றே நாள் முன்பு பதவிக்கு வந்தவர், பாவம். யாரும் திட்டமிடாமல், சாலைகள் வந்து கூடும் ஊர் என்பதாலேயே, கெட்டிஸ்பர்க்கில் இரண்டு படைகளும் முட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் முடிவில் லீ தோற்றுத் திரும்பினார்.

இனி நாவலாசிரியர். ஷாரா ஃபுளோரிடாவில் கல்லூரி ஆசிரியர். அறிவியல் புனைகதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். 1960களில் குடும்பத்தோடு கெட்டிஸ்பர்க்கைச் சுற்றிப் பார்க்கப் போய் அங்கேயே மனதைப் பறிகொடுத்தார். எழுதி முடித்த நாவலைப் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. ஒருவழியாக வெளிவந்து, 1975இல் புலிட்சர் பரிசும் வாங்கியது. அப்படியும் பெரிதாக விற்கவில்லை. 1988இல் ஷாரா இறந்துபோனார். 1993இல் "கெட்டிஸ்பர்க்" என்று நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஒரு படம் வந்தது. அதற்குப் பிறகுதான் நாவல் லட்சக்கணக்கில் விற்று, விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. எழுதியவருக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நாவலின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆளின் பெயர். லீ, லாங்ஸ்ட்ரீட், சேம்பர்லைன், ப்யூஃபோர்ட், ஆர்மிஸ்டெட், இங்கிலாந்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஃப்ரீமேன்டில் என்று வரிசையாக. அந்த அத்தியாயம் முழுக்க நாம் அந்த ஆளின் மண்டைக்குள் இருக்கிறோம். அவருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்குத் தெரியும். போர் வரலாறு படிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு கோபம் வரும். "இவ்வளவு முட்டாளாக ஒரு தளபதி இருப்பாரா?" என்று. வரைபடத்தில் இரண்டு படையையும் மேலே இருந்து பார்ப்பதால் வரும் கோபம் அது. இந்த நாவலில் அந்தக் கோபம் வருவதில்லை. லீக்கு எதிரி எங்கே இருக்கிறான் என்றே சரியாகத் தெரியாது. கண்ணாக இருக்க வேண்டிய குதிரைப்படை எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்பு வேறு சரியில்லை. இந்த நிலையில் அவர் எடுக்கும் முடிவு ஏன் அவருக்குச் சரியாகப் பட்டது என்பது புரிகிறது. இதைச் சரித்திரப் புத்தகம் இருபது பக்கத்தில் வாதாடித்தான் நிறுவ முடியும். நாவல் ஒரு இரவுக் காட்சியில் செய்துவிடுகிறது.

வாசகருக்கான முன்குறிப்பில் ஷாரா ஒரு விஷயம் சொல்கிறார். பிற்கால வரலாற்றாசிரியர்களின் கருத்துகளை ஒதுக்கிவிட்டு, அங்கே இருந்த மனிதர்களின் சொந்த வார்த்தைகளுக்கே, அவர்களுடைய கடிதங்களுக்கும் பிற ஆவணங்களுக்குமே திரும்பிப் போனதாகவும், தெரிந்து எந்தத் தகவலையும் மாற்றவில்லை என்றும். படிக்கும்போது இது மிக நேர்மையான அறிவிப்பாகத் தோன்றும். நேர்மையானதுதான். ஆனால் எனக்கு முக்கியமான கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த மனிதர்களில் யார் யார் வார்த்தைகளை விட்டுச் சென்றார்கள்?

சேம்பர்லைனை எடுத்துக்கொள்வோம். நாவலின் கதாநாயகன் என்றே சொல்லலாம். மெய்ன் மாநிலத்தில் போடன் கல்லூரியில் பேச்சுக்கலைப் பேராசிரியர். ஐரோப்பாவுக்குப் படிக்கப் போக விடுப்பு வாங்கிவிட்டுப் படையில் சேர்ந்தவர். இரண்டாம் நாள் மாலை, லிட்டில் ரவுண்ட் டாப் என்ற பாறைக் குன்றில், வடக்கு அணிவகுப்பின் இடது கோடியில், 20ஆம் மெய்ன் ரெஜிமென்ட்டின் 400க்கும் குறைவான ஆட்களோடு நிற்கிறார். அவர்களுக்கு இடதுபுறம் வேறு யாரும் கிடையாது. இந்த முனை உடைந்தால் மொத்த அணியையும் பின்னாலிருந்து சுருட்டிவிடலாம். அலபாமாக்காரர்கள் திரும்பத் திரும்ப மேலேறி வருகிறார்கள். ஆளுக்கு 60 தோட்டா, அதுவும் தீர்ந்துபோகிறது. பின்வாங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. பயனெட்டைச் செருகிக்கொண்டு மலையிலிருந்து கீழ்நோக்கிப் பாயச் சொல்கிறார். எதிரிகள் கலைந்து ஓடுகிறார்கள், நூற்றுக்கணக்கானோர் பிடிபடுகிறார்கள்.

இது நடந்தது. இதில் சந்தேகமில்லை. அவருக்கு 1893இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. ஆனால் சேம்பர்லைன் பேச்சுக்கலைப் பேராசிரியர் என்பதை மறந்துவிடக் கூடாது! போருக்குப் பிறகு நான்கு முறை மெய்ன் மாநில ஆளுநர், பிறகு அதே போடன் கல்லூரியின் தலைவர், 1914 வரை வாழ்ந்தவர். அந்த அரை நூற்றாண்டில் இந்த ஒன்றரை மணி நேரச் சண்டையைப் பற்றி எழுதினார், பேசினார், மறுபடி எழுதினார். அழகாகவும் எழுதினார். அவர் படையிலேயே இருந்த எல்லிஸ் ஸ்பியர் என்ற அதிகாரிக்குப் பிற்காலத்தில் இது பிடிக்காமல் போய்விட்டது. பாய்வதற்கான கட்டளை அவ்வளவு தெளிவாக எங்கள் காதில் விழவில்லை, முன்னால் காயம்பட்டுக் கிடந்தவர்களை மீட்கத்தான் நகர்வு ஆரம்பித்தது என்கிற ரீதியில் அவர் தரப்பு போகிறது.

எதிர்த்தரப்பில் 15ஆம் அலபாமா ரெஜிமென்ட்டுக்குத் தலைவர் வில்லியம் ஓட்ஸ். அவரும் நெடுநாள் வாழ்ந்தார், அவரும் ஆளுநரானார் (அலபாமாவுக்கு), அவரும் 1905இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவர் கணக்கு வேறு. அவருடைய ஆட்கள் அன்றைக்குக் காலையிலிருந்து 25 மைல் நடந்து வந்தவர்கள். தண்ணீர் பிடித்து வர அனுப்பிய 22 பேரும் குடுவைகளோடு எதிரியிடம் பிடிபட்டார்கள். ஜூலை வெயிலில் தொண்டை வறண்ட நிலையில் மலையேறினார்கள். ஒரு கட்டத்தில் முடியாது என்று தெரிந்து, பின்வாங்க ஓட்ஸே சொல்லிவிட்டார், அந்த நேரம் பார்த்துத்தான் மெய்ன்காரர்கள் பாய்ந்தார்கள் என்கிறார். ஓட்ஸின் தம்பி ஜான் அந்தச் சரிவில்தான் குண்டடிபட்டு விழுந்தார். வயதான காலத்தில் ஓட்ஸ், தம்பிக்கும் தன் ஆட்களுக்கும் அந்த மலையில் ஒரு நினைவுக்கல் வைக்க அலையாய் அலைந்தார். உங்கள் ஆட்கள் அவ்வளவு தூரம் மேலே வரவில்லை என்று சேம்பர்லைன் இடத்தை மறுத்தார். கல் கடைசிவரை வைக்கப்படவில்லை. நாற்பது வருடம் கழித்து இரண்டு கிழவர்கள், ஒருவருக்கு ஒரு கை இல்லை, இன்னொருவர் இடுப்பில் ஆறாத காயம், சில கஜ நிலத்துக்காகக் கடிதத்தில் மறுபடி போரிட்டுக்கொண்டிருந்தார்கள். நாவலில் இல்லாத இந்தக் காட்சிதான் எனக்கு அதிகம் தங்கிவிட்டது.

நாவலில் சேம்பர்லைனுக்குத் துணையாக பஸ்டர் கில்ரெய்ன் என்று ஒரு வயதான ஐரிஷ் சிப்பாய் வருகிறார். மனதில் ஒட்டிக்கொள்ளும் பாத்திரம். முழுக்க முழுக்கக் கற்பனை. 20ஆம் மெய்ன் நினைவுத்தூணில் கில்ரெய்ன் பெயரைத் தேடி வருகிறவர்கள் உண்டு என்று கெட்டிஸ்பர்க் வழிகாட்டிகள் சொல்வார்கள். சிரிக்க வேண்டாம். நந்தினியைச் சோழர் கல்வெட்டில் தேடுகிற ஆட்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதேபோல, கலகம் செய்த 2ஆம் மெய்ன் ஆட்களிடம் சேம்பர்லைன் பேசி மனம் மாற்றும் காட்சி புகழ்பெற்றது. அந்த ஆட்கள் வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் நாவலில் காட்டுவதுபோல சண்டைக்கு முந்தின நாட்களில் அல்ல, மே மாதமே வந்துவிட்டார்கள். அந்தச் சொற்பொழிவு ஷாராவுடையது.

இதெல்லாம் நாவலாசிரியரின் உரிமை. எனக்குப் பிரச்சினை வேறு. அதே இரண்டாம் தேதி இரவு, அணிவகுப்பின் மறு கோடியில், வலது முனையில், கிட்டத்தட்ட இதே கதை இன்னொரு முறை நடந்தது. கல்ப்ஸ் ஹில் என்ற குன்று. அங்கே இருந்த படையில் பெரும்பகுதியை இடது பக்கத்துக்கு உதவியாக இழுத்துவிட்டார்கள். ஜார்ஜ் கிரீன் என்ற 62 வயது ஜெனரலின் சுமார் 1,400 பேர் மட்டும் மிச்சம். அவர்களிலும் வலது கோடியில் 137ஆம் நியூயார்க் ரெஜிமென்ட், தலைவர் கர்னல் டேவிட் அயர்லாண்ட். இருட்டில் மூன்று பக்கமும் எதிரி. வரிசையை முழங்கை மாதிரி பின்னால் மடக்கி நின்று சமாளித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், நடந்துபோகிற தூரத்தில், வடக்குப் படைக்கு உணவும் வெடிமருந்தும் வந்த பால்டிமோர் சாலை. இடது முனையில் சேம்பர்லைன் செய்ததற்கு இது எந்த விதத்தில் குறைவு? ஆனால் நாவலில் கல்ப்ஸ் ஹில்லுக்கென்று ஒரு அத்தியாயம்கூட இல்லை. டேவிட் அயர்லாண்ட் 1864 செப்டம்பரில், அட்லாண்டாவில், சீதபேதி வந்து செத்துப்போனார். அவர் நினைவுக்குறிப்பு எழுதவில்லை. எழுத நேரம் கிடைக்கவில்லை.

லிட்டில் ரவுண்ட் டாப்பிலேயே பாருங்கள். அந்தக் குன்றுக்கு ஆள் தேவை என்ற செய்தி வந்ததும் மேலதிகாரி உத்தரவுக்குக் காத்திருக்காமல் தன் பொறுப்பில் படையைக் கொண்டுபோய் நிறுத்தியவர் ஸ்ட்ராங் வின்சென்ட், 26 வயது வக்கீல். சேம்பர்லைனை அந்த முனையில் நிறுத்தியதே அவர்தான். அன்றே குண்டடிபட்டு, ஜூலை 7இல் இறந்தார். மறுபக்கச் சரிவில் 140ஆம் நியூயார்க் ஆட்களோடு சரியான நேரத்துக்கு ஓடிவந்து அடைத்தவர் பேட்ரிக் ஓரார்க், அந்த இடத்திலேயே மரணம். ஆக, அந்த மலையைக் காப்பாற்றிய மூன்று பேரில் உயிரோடு வீடு திரும்பியவர் எழுதினார். எழுதியவர் நாவலில் கதாநாயகன் ஆனார். படம் வந்த பிறகு கூட்டம் எல்லாம் 20ஆம் மெய்ன் நினைவுத்தூண் பக்கம்தான். மலை தேய்கிற அளவுக்குக் கூட்டம். 2022இல் அதை மூடி, மண் அரிப்பைச் சரிசெய்து, 2024இல்தான் திறந்தார்கள்.

இப்போது ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். லீக்கு அடுத்த நிலையில் இருந்த தெற்கின் தளபதி. நாவலின் இன்னொரு தூண். லீயின் திட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. நேராகப் போய் மோத வேண்டாம், சுற்றிக்கொண்டு போய் எதிரிக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் நல்ல மேடாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வோம், அவர்களே வந்து மோதட்டும் என்கிறார். லீ கேட்கவில்லை. மூன்றாம் நாள், சுமார் 12,500 பேர், முக்கால் மைல் திறந்தவெளியில், பீரங்கிகளை நோக்கி நடக்க வேண்டும். இது நடக்காது என்று லாங்ஸ்ட்ரீட்டுக்குத் தெரியும். கிளம்பலாமா என்று பிக்கெட் வந்து கேட்கும்போது அவருக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைக்கிறார். போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாவல் வருவதற்கு முன் தெற்கில் லாங்ஸ்ட்ரீட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? துரோகி. கெட்டிஸ்பர்க்கில் வேண்டுமென்றே தாமதம் செய்து தோற்கடித்தவர். லீ 1870இல் இறந்தார். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. 1872இல் ஜூபல் எர்லி என்ற முன்னாள் ஜெனரல் ஆரம்பித்து வைத்தார். மறு வருடம் பெண்டில்டன் என்பவர், இரண்டாம் நாள் விடியற்காலையே தாக்கும்படி லீ உத்தரவிட்டார், லாங்ஸ்ட்ரீட் மதிக்கவில்லை என்றார். லீயின் கூடவே இருந்த அதிகாரிகளோ அப்படி ஒரு உத்தரவு எங்களுக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை. லாங்ஸ்ட்ரீட் தன் தரப்பைச் சொல்லி 1896இல் தடிமனான நினைவுக்குறிப்பு வெளியிட்டார். ஷாராவின் லாங்ஸ்ட்ரீட், பெருமளவுக்கு இந்தப் புத்தகத்தின் லாங்ஸ்ட்ரீட். அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர் முப்பத்து மூன்று வருடம் கழித்துக் கொடுத்த வாக்குமூலம். ஒருவகையில் நாவல் ஒரு அநீதியைத் துடைத்தது. 1998இல் கெட்டிஸ்பர்க்கில் அவருக்குச் சிலையும் வந்துவிட்டது. பீடம் இல்லாமல் தரையோடு தரையாக நிற்கும் ஒரு குதிரைச் சிலை.

ஆனால் அவர்மீது ஏன் அவ்வளவு கோபம்? லீயை விமர்சித்தது மட்டும் காரணம் இல்லை. போர் முடிந்து இரண்டே வருடத்தில், 1867இல், தோற்றதை ஒத்துக்கொள்வோம், புதிய சட்டங்களுக்குக் கட்டுப்படுவோம் என்று பத்திரிகைகளில் கடிதம் எழுதினார். புதிய சட்டம் என்றால் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை. லிங்கனின் கட்சியில் சேர்ந்தார். 1874 செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்க வெள்ளை லீக் என்ற ஆயுதக் கும்பல் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கியபோது, அதைத் தடுக்க நின்ற படைக்குத் தலைமை தாங்கியவர் லாங்ஸ்ட்ரீட். அவர் ஆட்களில் கறுப்பினத்தவர் ஏராளம். எதிரே நின்றவர்களில் அவரோடு ஒரே கொடியின் கீழ் போரிட்ட பழைய சிப்பாய்கள் இருந்தார்கள். தோற்றார், காயம்பட்டார். கும்பலுக்கு 1891இல் நினைவுத்தூண் வைத்தார்கள். அது 2017 வரை அந்த நகரத்தில் நின்றது. இதுதான் அவர் செய்த மன்னிக்க முடியாத குற்றம். கெட்டிஸ்பர்க் தாமதம் என்பது பிறகு தேடிப் பிடித்த காரணம். நாவலில் இது கடைசிப் பின்குறிப்பில் ஓரிரு வரியாக வந்து போகிறது. எனக்கு இதுதான் நாவலாக எழுத வேண்டிய வாழ்க்கை என்று படுகிறது.

அப்படியானால் லாங்ஸ்ட்ரீட் நல்லவரா என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். 1863 ஜூன் மாதம் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த லீயின் படை, வழியில் கண்ட கறுப்பின மக்களைப் பிடித்துக் கட்டித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து தப்பி வந்தவர்கள் மட்டுமல்ல, பிறந்ததிலிருந்தே சுதந்திரமாக வாழ்ந்தவர்களும் அதில் அடக்கம். சேம்பர்ஸ்பர்க் ஊர்ப் பெண் ஒருவர், பெண்களையும் குழந்தைகளையும் மாடு ஓட்டுவது போல ஓட்டிப் போனதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஜூலை 1 அன்று லாங்ஸ்ட்ரீட்டின் தலைமையகத்திலிருந்து பிக்கெட்டுக்குப் போன உத்தரவு ஒன்று அரசு ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. கெட்டிஸ்பர்க்கை நோக்கி வரும்போது, பிடிபட்ட கறுப்பினத்தவரையும் கூடவே கொண்டுவரும்படி அதில் ஒரு வரி. இரண்டு நாள் கழித்துத் தன் சிப்பாய்களின் உயிருக்காக வாயடைத்து நின்ற அதே மனிதரின் அலுவலகம். ஷாரா கடிதங்களுக்கும் ஆவணங்களுக்கும் போனார் என்றேன் அல்லவா? இந்த ஆவணம் அவர் நாவலுக்குள் வரவில்லை.

நாவலில் கறுப்பின மனிதர் ஒரே ஒருவர்தான். தப்பி வந்து காயம்பட்டுக் கிடப்பவர். அந்தக் காட்சியை ஷாரா நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். அடிமை ஒழிப்பை மனதார நம்பும் சேம்பர்லைனுக்கே அந்த உடம்பைப் பக்கத்தில் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு அருவருப்பு எழுகிறது. அதைக் கண்டு அவரே அதிர்ச்சி அடைகிறார். நல்ல காட்சி. ஆனால் அந்த மனிதருக்கு ஆங்கிலம் வராது. முன்னூறு பக்க நாவலில் எல்லோரும் பேசுகிறார்கள், இந்தப் போர் யாருக்காகவோ அவர் மட்டும் பேசவில்லை.

கெட்டிஸ்பர்க்கில் அப்போது ஏறக்குறைய 190 கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். லீயின் படை வருகிறது என்றதும் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். ஆபிரகாம் பிரையன் என்பவர் அவர்களில் ஒருவர். சொந்தமாக 12 ஏக்கர் நிலம் வைத்திருந்த விவசாயி. அவர் வீடும் கொட்டகையும் இருந்த இடம் செமிட்ரி ரிட்ஜ். அதாவது மூன்றாம் நாள் அந்த 12,500 பேர் நடந்து வந்தார்களே, அந்தத் தாக்குதலின் ஒரு பகுதி வந்து உடைந்தது அவர் கொட்டகைக்கு முன்னால்தான். திரும்பி வந்தபோது வேலி இல்லை, பயிர் இல்லை, சுவரெல்லாம் ஓட்டை, தோட்டத்தில் பிணங்கள். ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு அரசுக்கு மனுப் போட்டார். கிடைத்தது 15 டாலர்.

இன்னொருவர் பேஸில் பிக்ஸ். கறுப்பின விவசாயி, கால்நடை வைத்தியரும்கூட. போர் முடிந்த பிறகு, வயல்களில் அரைகுறையாகப் புதைத்திருந்த வடக்கு வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துப் புதிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வேலை அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கிடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். லிங்கன் வந்து பேசிய நாளில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. நாம் மனப்பாடம் செய்த அந்த வாக்கியம், இவர்கள் தோண்டிக்கொண்டிருந்த மண்ணில் நின்று சொல்லப்பட்டது.

நாவலில் வருகிற அந்தப் புகழ்பெற்ற மரக்கூட்டம் இருக்கிறதே, பிக்கெட்டின் ஆட்கள் குறிவைத்து நடந்தது, ஆர்மிஸ்டெட் தொப்பியை வாள்முனையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் விழுந்தது. போருக்குப் பிறகு அந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் பேஸில் பிக்ஸ். விறகுக்காக மரங்களை வெட்ட ஆரம்பித்திருக்கிறார். போர்க்கள வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜான் பேச்செல்டர் ஓடிவந்து, மரங்களை விட்டு வையுங்கள், பின்னால் இடத்துக்கு இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்று கெஞ்சித் தடுத்தார். அந்த மரங்களைச் சுற்றி இன்று இரும்பு வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

நாவலைக் குறை சொல்லி ஒதுக்குவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. ஷாராவைப் படிக்காமல் இருந்திருந்தால் அயர்லாண்டையோ பிரையனையோ நான் தேடிப் போயிருக்கவே மாட்டேன். படிக்க நினைப்பவர்கள் நாவலையே முதலில் படியுங்கள். பெயர்கள் குழப்பும், அதனால் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வரைபடங்களை ஒரு காகிதத்தில் பெரிதாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் எளிது. படத்தைப் பிறகு பார்க்கலாம், ஒட்டுத்தாடிகளை மன்னித்துவிட்டால் நன்றாகவே இருக்கும். ஓட்ஸின் புத்தகமும் லாங்ஸ்ட்ரீட்டின் புத்தகமும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓட்ஸில் லிட்டில் ரவுண்ட் டாப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள், நாவலில் மேலே இருந்து பார்த்த அதே மலையை இந்த முறை கீழே இருந்து, தண்ணீர் இல்லாமல் ஏறுவீர்கள். லாங்ஸ்ட்ரீட்டின் போருக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு எலிசபெத் வேரன் 2023இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. டேவிட் அயர்லாண்டுக்கு மட்டும் அப்படிச் சுலபமாகக் கைகாட்ட எதுவும் இல்லை. கல்ப்ஸ் ஹில்லில் அவருடைய ரெஜிமென்ட்டின் நினைவுக்கல் இருக்கிறது, அவ்வளவுதான்.